எட்டாப்பு அண்ணனும் என் வருமானச் சான்றும்

எட்டாப்பு அண்ணனைக் கல்யாணத் தரகர் என்றுதான் நான் முதலில் நம்பினேன். என்மேல் தப்பில்லை. முன்பின் தெரியாத ஒரு மனுஷன் வாசலில் நின்று, "வீட்ல எட்டாப்புப் பொண்ணு இருக்காமே, போட்டோவும் பொறந்த தேதியும் சாதிச் சர்டிபிகேட்டும் வெரசா கொண்டா" என்றால் வேறென்ன தோன்றும்? மகளை உள்ளே தள்ளி, இட்லிச் சட்டி மூடியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, "போலீசக் கூப்புடுவேன்!" என்று கத்தினேன். கத்தியதாகத்தான் நினைத்தேன். கீச்சென்று வந்ததைக் கேட்டு மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அட, எங்க ஜீப்பு டிரைவரு. உதவித்தொகைப் பரீட்சைக்குக் கேக்குறாரு. மூடியக் கீழ வைங்க."

போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு என் மனைவியைப் போன்ற கூலியாட்களை ஏற்றும் ஜீப்புகள் ஏராளம். ஆனால் மொத்த மனித குலத்தையும் இரண்டாகப் பிரித்த டிரைவர் இவர் ஒருவர்தான்: வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளை உள்ளவர்கள், இல்லாதவர்கள். எட்டாம் வகுப்பில் எழுதும் அந்தப் பரீட்சைக்குப் பிள்ளைக்காக விண்ணப்பித்த தாய்மார்களுக்கு முன் சீட்டு. விண்ணப்பிக்காதவர்கள் பின்னால் ஸ்டெப்னி டயர் மேல்.

ஒருமுறை சிலமலைக்காரப் பெண் ஒருத்தி, "பொட்டப்புள்ள காலேஜுக்குப் போயி என்னண்ணே ஆகப்போகுது?" என்று கேட்டுவிட்டாள். கொண்டை ஊசி வளைவில் ஜீப்பு நின்றது.

"எறங்கி நடந்து வா ஆத்தா. யோசிக்க நேரம் கெடைக்கும்."

அடுத்த வளைவிலேயே அவளுக்கு மனம் மாறிவிட்டது. மூச்சு வாங்கியதும் ஒரு காரணம்.

என் விஷயத்துக்கு வருகிறேன். பரீட்சை எழுத வருமானச் சான்று வேண்டும். வருமானம் வரம்பைத் தாண்டினால் விண்ணப்பம் செல்லாது. நான் பாத்திரக்கடையில் விற்பனையாள். வி.ஏ.ஓ. சம்பளம் கேட்டபோது பக்கத்தில் மச்சினன் நின்றான். கடையே என் தலைமேல்தான் ஓடுகிறது என்று அவனிடம் அளந்து வைத்திருந்தேன். வாய் தானாக மூன்று மடங்கு சொல்லிவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கூட்டிப் பார்த்தேன்; நான் சொன்ன தொகை வரம்பைத் தாண்டியிருந்தது. விண்ணப்பிக்க இன்னும் இரண்டே நாள்தான். மகளோ கணக்குப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். மனைவியிடம் ஒப்புக்கொண்டேன். அவள் காலையில் ஜீப்பில் சொல்லிவிட்டாள்.

அன்று பிற்பகல் மலையிலிருந்து இறங்கிய ஜீப்பு நேராக எங்கள் கடை வாசலில் வந்து நின்றது. உள்ளே என் மனைவியோடு இன்னும் பதினான்கு பெண்கள்.

"ஏறு மாப்ளே. ஊருக்கு முன்னாடி பணக்காரனா இருக்கணும்னா நீ மட்டும் இருந்துக்க. புள்ளைய எதுக்கு அதுல சேத்துக்கிற?"

எனக்கு ஸ்டெப்னி டயர்தான்.

வி.ஏ.ஓ. அலுவலகத்தில் பதினான்கு பேரும் என் ஏழ்மைக்குச் சாட்சி சொன்னார்கள். இத்தனை உற்சாகமான சாட்சிகளை எந்தக் கோர்ட்டும் பார்த்திருக்காது.

"சார், இவரு போட்டிருக்க சட்டை எங்க வீட்டுக்காரரோடது சார்!"

"தீபாவளிக்கு வாங்குன சீனிய இன்னும் தரல சார்!"

"செருப்பக் காட்டுங்கண்ணே, சார் பாக்கட்டும்!"

சிரித்துச் சிரித்து என் மனைவிக்குப் புரையேறியிருந்தது.

வி.ஏ.ஓ. கடைக்குப் போன் போட்டார். முதலாளி ஸ்பீக்கரில் என் சம்பளத்தைச் சொன்னார். அதைக் கேட்டு ஒருத்தி, "அய்யோ பாவம்" என்று உண்மையாகவே கண் கலங்கினாள். மச்சினன் வீடு இரண்டு தெரு தள்ளி என்பதுதான் ஒரே ஆறுதல். மறுநாள் மதியம் சான்று வந்தது. சாயங்காலம் விண்ணப்பம் போனது.

மகள் தேறினாள். ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை உதவித்தொகை வந்தது. இப்போது மதுரையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு. ரிசல்ட் வந்த அன்று அவள் அழவில்லை, அவள் அம்மாவும் அழவில்லை. நானும் எட்டாப்பு அண்ணனும்தான் ஜீப்புக்குப் பின்னால் நின்று அழுதோம்.