தூக்கிப் பார்த்து வாங்கிய பவர் சப்ளை

தனியாக இருக்கிறவர்கள் கடையில் தேவைக்கு மேல் நிற்பார்கள். சாமான் பார்ப்பது ஒரு சாக்கு. யாராவது பேச்சுக் கொடுக்கமாட்டார்களா என்பதுதான் விஷயம். மாத்தளையில் ஒரு கம்பியூட்டர் கடையில் ஒரு சனிக்கிழமை நானும் அப்படி நின்று நின்று, கடைசியில் ஒரு வெடிகுண்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அம்மா இறந்து, அண்ணன் கட்டாருக்குப் போனபிறகு வீட்டில் நானும் பல்லிகளும்தான். சின்ன வயதில் நாங்கள் ஒரே கீபோர்டை ஆளுக்குப் பாதியாகப் பிடித்துக் கேம் விளையாடியவர்கள். "நல்ல கேமிங் மெஷின் ஒண்ணு நீயே பூட்டு. வெள்ளிக்கிழமை எனக்கு லீவுதானே, சேந்து வெளாடலாம்" என்றான் அண்ணன். அந்த ஒரு வார்த்தைக்காகவே வீடியோ பார்த்துப் பார்த்து ஒவ்வொரு பாகமாகச் சேர்த்தேன். மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் பவர் சப்ளை மட்டும் பாக்கி.

"அதுல அவசரப்படாத. மொடல எனக்கு அனுப்பிக் கேட்டுட்டு வாங்கு" என்று சொல்லியிருந்தான்.

அனுப்பவில்லை. (நமக்குத் தெரியாததா!) நான் வேலை செய்வது மிளகு வாங்கும் ஸ்டோரில். அங்கே மிளகைக் கையில் அள்ளிப் பார்ப்போம். கனத்தால் நல்லது, லேசாக இருந்தால் பொக்கு. அந்தப் பேரறிவைக் கடையிலும் காட்டினேன். பவர் சப்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, கண்ணை மூடி, தலையை ஆட்டினேன்.

கடைக்கார நானா (முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) திகைத்துப் போனார். "தங்கச்சி, பேரு, வாட்ஸ் ஒண்ணும் பாக்கலியா?"

"பேர்ல என்ன நானா இருக்கு? பாரத்தப் பாருங்க."

அவரும் தூக்கிப் பார்த்தார். "மெய்தான், நல்லாத்தான் கனக்குது" என்றார். யாரும் கேள்விப்படாத பெயருள்ள அந்தப் பெட்டியோடு ஏதோ சாதித்த மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மெஷின் நீல வெளிச்சத்தோடு உயிர்பெற்றது. ஹெட்செட்டில் அண்ணன் குரல்: "எனக்குப் பின்னால வா. தனியா போகாத." கேமில்தான் சொன்னான், எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா போனபிறகு அவன் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்டதும் அன்றுதான். ஒரு பாலத்தைக் கடந்தோம். எதிரிகள் கூட்டமாக வந்தார்கள்.

"ஐயோ அண்ணே!" என்று கத்தினேன். அதே நொடியில் மேசைக்கடியில் டமார்!

ஒரே புகை. வீட்டுக் கரண்ட் மொத்தமாக அடங்கியது, வைஃபையும் போனது. என் போனோ சார்ஜ் இல்லாமல் முன்பே செத்துக் கிடந்தது. கட்டாரில் அண்ணனுக்குக் கேட்டது என் அலறல், ஒரு வெடிச்சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை.

அவன் எல்கடுவையில் இருக்கும் சித்திக்கு அழைத்திருக்கிறான். சித்தி தோட்டத்து லய வீடுகளில் பாதிப் பேரை இரண்டு த்ரீவீலில் அடைத்துக்கொண்டு வந்து, கேட்டிலேயே ஒப்பாரியைத் தொடங்கிவிட்டார். "என் தங்கமே, போயிட்டியே!"

நான் இருட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். மெஷினுக்காக அல்ல, அறுந்துபோன அந்தச் சிரிப்புக்காக. கதவைத் திறந்து, "சித்தி, யாரு செத்தா?" என்று கேட்டேன்.

சித்தி முதலில் ஹேண்ட்பேக்கால் அடித்தார். பிறகு கட்டிப்பிடித்தார். அவருடைய போனில் அண்ணன் என்னை மூன்று தடவை பேசவைத்து, நான்தானா என்று உறுதிசெய்துகொண்டான். கடைசியில் கேட்டான்: "என்ன மொடல் வாங்குன?"

அன்று வீட்டில் நிற்க இடமில்லை. யாரோ டிரிப் சுவிட்சைப் போட்டார்கள், யாரோ தேத்தண்ணி ஊற்றினார்கள். எல்லோரும் போனதும் வீடு முன்னைவிடப் பெரிதாக இருந்தது.

மறுநாள் கடையில் நானா அந்தப் பெட்டியைக் கழற்றினார். உள்ளே கனத்துக்காக ஒரு சிமெந்துக் கட்டி! அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அல்லாவே, நானுந்தானே தூக்கிப் பாத்தேன்!" என்று வேறொன்றை மாற்றித் தந்தார். கட்டியை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

இப்போது எனக்கு எந்தச் சம்பந்தம் வந்தாலும் சித்தி கேட்பது ஒன்றுதான்: "மாப்பிள்ளையத் தூக்கிப் பாத்தியாடி?"

கட்டி, அண்ணனின் அறைக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்து நிற்கிறது. வெள்ளிக்கிழமை விளையாடி முடிந்ததும் அவன் கேட்பான்: "கட்டி இருக்கா?"

"இருக்கு."

"லீவுல வந்து நானும் ஒருக்கா தூக்கிப் பாக்கணும்."

போன வெள்ளிக்கிழமையும் சொன்னான்.