புகைபோக்கிக்குள் ரெண்டு டர்போ

கொரட்... கொரட்... கொரட்...

புகைபோக்கிக்குள் தகரம் உரசும் சத்தம் கேட்டதும் லூர்துசாமிக்குப் புல்லரித்தது. "சுத்துது" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

கொடைக்கானலில் ஒரு பள்ளி விடுதிக்கு இராக்காவலர் அவர். வெள்ளைக்கார வாத்தியார்கள் கழித்துப் போட்ட கார் பத்திரிகைகளை, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, பதினோரு வருஷமாகப் படித்தவர். ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. ஆனால் எஞ்சினில் புலி என்று ஊர் நம்பியது. நம்பவைத்தவரும் அவர்தான்.

இன்று மகளைப் பெண் பார்க்க வத்தலக்குண்டிலிருந்து வருகிறார்கள். மாப்பிள்ளையின் அப்பா அருள்மணி லாரி மெக்கானிக். அவர் கண்முன்னே அடுப்பு தானாக எரிந்து சமையல் நடக்க வேண்டும், தன் பெயர் நிலைக்க வேண்டும். கூடவே, இராக்காவல் முடிந்து வந்து தினமும் காலையில் ஈரமான வாட்டில் மர விறகோடு மல்லுக்கட்டி அடுப்பு ஊதும் வேலையும் ஒழிய வேண்டும்.

நேற்றே மனைவி இசபெல்லாவிடம் விளக்கியிருந்தார்.

"டர்போங்கிறது ஒண்ணுமில்ல புள்ள. எஞ்சின் விடுற புகையே ஒரு காத்தாடியச் சுத்தும். அது உள்ள காத்தத் திணிக்கும். இனிமே அடுப்பு தன்னையே ஊதிக்கும்."

"தீப் பிடிச்சாத்தான புகை வரும்?"

"ஆமா."

"புகை வந்தாத்தான காத்தாடி சுத்தும்?"

"ஆமா."

"காத்தாடி சுத்துனாத்தான தீப் பிடிக்கும்?"

அவர் தொண்டையைச் செருமினார். "கொஞ்சம் தாமசமாகும். அதுக்கு லேக்னு பேரு. மிதிச்சதும் வண்டி யோசிக்கும். அப்புறம் பாயும்."

"நீங்களும் சோலி சொன்னா யோசிப்பீக. பாஞ்சுதான் நான் பாக்கல."

"அதுக்குத்தான் ரெண்டு டர்போ. சின்னது லேசு, வெரசா சுத்தி மொதல்ல தள்ளும். பெருசு மெதுவா வந்து சேந்துக்கும்."

"எரியலைன்னா?"

"சாயந்தர அடுப்பும் நானே ஊதுறேன். மாதா சத்தியம்."

அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. அப்போதே அவர் பயந்திருக்க வேண்டும்.

விருந்தாளிகள் படியேறும் நேரம் பார்த்துத்தான் பற்றவைத்தார். நாலு சுற்றுச் சுற்றிய சத்தம் நின்றது. மேலே போக வேண்டிய புகை கீழே இறங்கி, வந்தவர்களை வாசலிலேயே வரவேற்றது. மாப்பிள்ளையின் அம்மா பெண்ணைப் பார்க்குமுன்பே அழுதாள்.

அருள்மணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படியில் குந்தி, அண்ணாந்து பார்த்தார். பால்பவுடர் டின்னை வெட்டிச் செய்த இரண்டு காத்தாடிகள்.

"யோசனை சரிதான் சம்பந்தி. ஆனா பெருசு கெளம்புற வரைக்கும் புகை சின்னது வழியாத்தான போகணும்? திருப்பி விடுற கதவு எங்க?"

கதவா? பத்திரிகையில் அந்தப் பக்கம் கிழிந்திருந்தது. கதவு என்று ஒன்று இருப்பதே லூர்துசாமிக்கு இப்போதுதான் தெரியும். அருள்மணி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. தன் கைக்குட்டையை எடுத்து, "மூக்குல கரி" என்று மெதுவாகச் சொல்லி நீட்டினார். அதை வாங்கும்போது லூர்துசாமிக்குப் பூமிக்குள் போய்விடலாம்போல் இருந்தது. சோறும் இல்லை, மானமும் இல்லை. மகள் கல்யாணம் புகையோடு போயிற்று.

அப்போது பக்கத்து வீட்டுக் கித்தேரியம்மாளும் இசபெல்லாவும் கொல்லை வழியாக வந்தார்கள். ஆவி பறக்க இடியாப்பம், கோழிக்குழம்பு. எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். கை கழுவும்போது, "ஞாயித்துக்கிழமையே கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிரலாம்" என்றார் அருள்மணி.

அவர்கள் போன பிறகு லூர்துசாமி தரையைப் பார்த்தபடி கேட்டார். "எப்ப சமைச்ச?"

"வெள்ளனே நாலு மணிக்கு. பக்கத்து வீட்டு அக்கா அடுப்புல. சூடு ஆறாம அதுலயே வச்சிருந்தேன்."

"அப்ப எம்மேல நம்பிக்கையே இல்ல."

"இல்லாம என்ன? நீங்க சொன்னபடிதான் செஞ்சேன். அக்கா அடுப்பு சின்னது, வெரசா தள்ளிருச்சு." ஊதுகுழலை அவர் கையில் வைத்தாள். "பெருசு நீங்க. சாயந்தரக் காப்பிக்கு மெதுவா வந்து சேந்துக்கங்க."

அவர் காத்தாடிகளைக் கழற்றி விறகுக்குப் பின்னால் ஒளித்துவைத்தார். பிறகு குந்தி உட்கார்ந்து, கன்னம் உப்ப ஊதத் தொடங்கினார்.