கீழ்வழி சுரங்கத்துக்குள் போன விவரம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அலெக்ஸாண்டர் அவர்களுக்கு,

இராயபுரத்திலிருந்து அருமைநாயகம் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கு சுகம்; அங்கு தங்கள் மூட்டுவலி தணிந்திருக்கும் என்று நம்புகிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஜெஸ்லினுக்கு வேலை போகவில்லை. போயிருக்க வேண்டியது, என்னால்.

தங்கள் மகளின் கம்பெனி துப்பாக்கிச் சண்டை விளையாட்டு செய்வது தாங்கள் அறிந்ததே. இம்முறை அவள் குழுவுக்கு வந்த வேலை, அணிக்கு முப்பத்திரண்டு பேர் ஓடியாடிச் சுட்டுக்கொள்ள ஒரு பெரிய மேப். (செத்தவன் மூன்றாம் நாள் வரை காத்திருப்பதில்லை, உடனே எழுந்துவிடுகிறான். இதைப் போதகர் ஐயாவிடம் சொல்ல வேண்டாம்.) எங்கள் இராயபுரம் பக்கத்தையே களமாக வைக்கலாம் என்று ஜெஸ்லின் நினைத்தாள், துறைமுகத்தில் வரைபடப் பிரிவில் இருந்தவன் என்பதால் என்னிடம் ஒரு பிளான் கேட்டாள். நானும் துறைமுகக் கிரேன், கன்டெய்னர் லாரி வரிசை, டீக்கடை, வேகத்தடை என்று ஒன்று விடாமல் வரைந்து, நடுவில் ரயில் தண்டவாளம், மணலிப் பக்கம் போவதற்கு மேல்வழி, கடலோரம் போவதற்கு கீழ்வழி என்று நம் ஊர் வழக்கப்படி எழுதிக் கொடுத்தேன். மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு. இதை விளக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை மேலதிகாரி முன் சோதனை ஆட்டம். இரு அணிக்கும் சமமாக அமையாவிட்டால் மேப்பையும் கைவிட்டு, குழுவையும் கலைத்துவிடுவார்களாம். நானும் வந்து பார்க்க வேண்டும் என்று ஜெஸ்லின் அழைத்துப் போனாள். திரையைப் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. மணலி சாலை மேம்பாலமாகி, டேங்கர் லாரிகள் வானத்தில் நிற்கின்றன. கடலோரச் சாலை பூமிக்கடியில் சுரங்கமாகப் போகிறது, அதற்குள் மீன்பிடிப் படகுகள், காய்கிற வலை, ஒரு ஐஸ் பெட்டி. அவளோடு வேலை பார்க்கும் தண்டையார்பேட்டைக்காரர் ஃபர்ஹான் என் பக்கம் திரும்பி, "இன்னா சார், வலைய சுரங்கத்துல காயப் போட்டுக்கீறீங்க? எப்ப காயும்?" என்றார். நான் ஜெஸ்லினிடம் கேட்டால், "நீங்க எழுதினபடிதான் மாமா. மேல்வழி மேல, கீழ்வழி கீழ" என்கிறாள். தங்களிடம் எந்த முகத்தோடு சொல்வது, அவளுக்கு வேறு வேலை கிடைக்குமா என்று யோசித்துக்கொண்டே, வெளியே போய் நின்றுகொள்ளலாம் என்று எழுந்தேன், அதற்குள் ஆட்டம் தொடங்கிவிட்டது. இதற்கு முன் குழுவுக்குள் ஆடிப் பார்த்தபோதெல்லாம் கிரேன் மேல் எந்த அணி ஏறியதோ அந்த அணி மற்றவர்களை வரிசையாகச் சுட்டுத் தள்ளுமாம், தரை அவ்வளவு சமதளம். இப்போது கிரேன்காரனுக்குச் சுரங்கத்தில் போகிறவன் தெரியவில்லை, பாலத்தில் போகிறவன் லாரிக்குப் பின்னால் பதுங்குகிறான். கடைசி நிமிடம் வரை இழுபறி. "இப்பத்தான் கேம் மாரி கீது," என்றார் ஃபர்ஹான். மேலதிகாரி எழுந்து வந்து என் கையைக் குலுக்கினார். நான் மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

நேற்றிரவுதான் ஒழுங்காகத் தூங்கினேன். பிழை என்னுடையது, தாங்கள் மன்னிக்க வேண்டும். ஆனாலும் என் பிழையால்தான் குழந்தையின் வேலை தப்பியது என்பதில் சிறு பெருமை உண்டு, அதையும் மன்னிக்க வேண்டும். வீட்டில் அனைவருக்கும் எங்கள் ஸ்தோத்திரம். கர்த்தர் தங்கள் முழங்கால்களைப் பலப்படுத்துவாராக.

தங்கள் அன்புள்ள,
அருமைநாயகம்

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஜெஸ்லின் இதை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தாள். "மேலத்தெருவுல பொறந்து வளந்தவளுக்கு மேல எது கீழ எதுன்னு தெரியாதா மாமா? உங்க பிளான் தட்டையா இருந்துச்சு, ஆட்டத்துக்கு ஆகல. சொன்னா மனசு வருத்தப்படுவீங்கன்னு எழுத்து மேல பழியப் போட்டேன்" என்கிறாள். ஆகவே, மேலே உள்ள மன்னிப்பு, பெருமை இரண்டையும் அடித்துவிட்டதாகக் கொள்ளவும். மேலே என்றால் மேற்கே அல்ல, இந்தக் கடிதத்தின் மேலே.