அலமாரிக்குள் முளைத்த பச்சைப் பொய்

ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தெரிந்த அறிவியல்கூட எனக்குத் தெரியாது என்பது என் மனைவி திலியானாவின் நினைப்பு. அந்த நினைப்பை வேரோடு பிடுங்கி எறிவதென்று சபதம் எடுத்தேன். கடைசியில் நான் பிடுங்கி எறிந்தது இரண்டு அவரைச் செடிகளைத்தான்.

திலியானா பல்கேரியாவின் ரூசே நகரத்துப் பள்ளியில் உயிரியல் ஆசிரியை. நான் அதே ஊரில் மின்கம்பியைப் பிடித்து ஓடும் டிராலி பஸ் ஓட்டுகிறேன். தலைநகர் சோஃபியாவில் ஏதோ பயிற்சி என்று கிளம்பியவள், என்னிடம் இரண்டு கோப்பைகளை நீட்டினாள். இரண்டிலும் முளைவிட்ட அவரை.

"ஸ்தோய்கோ, ஒண்ணை ஜன்னல்ல வை. இன்னொண்ணை அலமாரிக்குள்ள இருட்டுல வை. ரெண்டுக்கும் தினம் கொஞ்சம் தண்ணி ஊத்து. திங்கட்கிழமை பாடத்துக்கு வேணும். மேலதிகாரி வகுப்புல வந்து உட்காரப் போறார்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். நல்லா வளர்த்தா சனிக்கிழமை உன் சிநேகிதன் வெலிச்கோவோட டான்யூப் ஆத்துல மீன் பிடிக்கப் போகலாம். சாகவிட்டியோ, எங்கம்மா வீட்டுக்கு வந்து குளிர்காலத்துக்குக் குடமிளகாய் சுட்டுத் தோல் உரிக்கணும்."

மாமியார் வீட்டுக் குடமிளகாய் மூட்டைக் கணக்கு. அங்கே மிளகாயை அடுப்பு சுடும். என்னை மாமியார் சுடுவார்.

முதல் நாள் டிவியில் கால்பந்து. மறுநாளும் கால்பந்து. அதற்கும் மறுநாள் ஞாபகம் வந்து, பாக்கித் தண்ணீரை எல்லாம் சேர்த்து ஒரே ஜாடியாகக் கவிழ்த்தேன். தாகத்தில் பாதி செத்திருந்த ஜன்னல் செடி, மூழ்கி மீதியும் செத்தது. அலமாரியை நான் திறக்கவே இல்லை. திறந்தால் இருட்டு கெட்டுவிடாதா? அவள் திரும்பி வரும் வெள்ளிக்கிழமை திறந்து பார்த்தேன். உள்ளே சருகு.

மாடிக்கு ஓடினேன். மேல்வீட்டுத் தோன்கா அக்காவின் பால்கனியில் வரிசையாக அவரைக் கோப்பைகள்.

"அக்கா, ரெண்டு செடி கொடுங்க. உயிர் போற விஷயம்!"

"யார் உயிரு? செடியோடதா, உன்னோடதா?"

"செடியோடது போயாச்சு. பாக்கி இருக்கிறது என்னோடதுதான்."

"ரெண்டுமே பச்சையா வேணுமா தம்பி?"

"பச்சைப்பசேல்னு வேணும்!"

அக்கா ஏனோ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

ஒன்று ஜன்னலுக்கு, ஒன்று அலமாரிக்கு. கதவைச் சாத்தினேன். வாசல் மணி அடித்தது.

திலியானா ஜன்னலைப் பார்த்தாள். "அட, நல்லா வந்திருக்கே!" என்றாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்து அலமாரியைத் திறந்தாள். கோப்பையை வெளியே எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஸ்தோய்கோ அவர்களே, கொஞ்சம் இப்படி வர்றீங்களா?"

என் மனைவி எனக்கு மரியாதை கொடுத்தால் ஆபத்து என்று அர்த்தம்.

"இது நான் போனதிலிருந்து இருட்டுலதான் இருந்துதா?"

"கும்மிருட்டு! நான் எட்டிக்கூடப் பாக்கல."

"வெளிச்சமே படாம எப்படிங்க இவ்வளவு பச்சை?"

"என் கைராசி அப்படி."

"வெளிச்சம் இல்லாட்டி அவரைக்குப் பச்சையம் வராதுங்க. வெளிறிப்போய், வெளிச்சத்தைத் தேடி நூல் மாதிரி நீளும். பிள்ளைங்களுக்கு அதைக் காட்டத்தான் பாடமே. இதுல இருக்கிறது பச்சையம் இல்ல, பச்சைப் பொய்!"

"அது வந்து... ஒளிச்சேர்க்கை..."

"ஒளிச்சேர்க்கை இல்ல, ஒளிச்சுச் சேர்த்த கை! எந்தக் கை? வலதா, இடதா?"

இரண்டையும் தூக்கிவிட்டேன்.

ஆனால் உண்மையிலேயே எனக்கு மனசு கேட்கவில்லை. "என்னை விடு திலியானா. திங்கட்கிழமை அந்த அதிகாரி முன்னால நீ எதைக் காட்டுவே?"

அவள் மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். தோன்கா அக்கா ஒரு தட்டோடு இறங்கி வந்தாள். தட்டில் இரண்டு கோப்பைகள். ஒன்றில் குட்டையாக, திடமாக, பச்சையாக ஒரு அவரை. மற்றதில் வெளிறி, மஞ்சளாக, நூலாக நீண்ட ஒரு அவரை.

"கிளம்புறப்பவே அக்காகிட்ட வேற ரெண்டைக் கொடுத்து வளர்க்கச் சொல்லிட்டேன். உன்னை நம்பிப் பாடம் எடுக்க எனக்கென்ன பைத்தியமா?"

"அப்ப எங்கிட்ட எதுக்கு ரெண்டு கோப்பையைக் கொடுத்தே?"

"இந்தச் சனிக்கிழமை மிளகாய் சுட ஆள் வருமான்னு அம்மா போன மாசமே கேட்டாங்க. வரும்னு சொல்லிட்டேன்."