ஓடுகிற தண்ணீருக்கு வக்கீல்கள்

ஈப்போவிலிருந்து காம்பார்வரை எந்த ஆற்றங்கரையில் நின்று கல்லெறிந்தாலும் ஒருவர்மேல் படும். அவர்தான் ஓடுகிற தண்ணீருக்கு வக்கீல். ஆறு அவருக்கு வக்காலத்து எழுதிக் கொடுக்கவில்லை, இருந்தாலும் விடமாட்டார். "ஓடுற தண்ணிக்குத் தோஷம் ஏது?" என்பதுதான் அவருடைய வாதம், தீர்ப்பு, அப்பீல் எல்லாமே.

இந்த இனத்தில் தலைசிறந்தவர், சிம்பாங் பூலாய்ப் பக்கத்தில் எங்கள் ரப்பர் தோட்டத்துப் பெரிய கங்காணி உடையப்பன். ஆடிப் பதினெட்டு அன்று ஆற்றங்கரையில் தேங்காய் உடைத்து, மஞ்சள் தெளித்து, கர்ப்பூரம் காட்டி, "கங்கம்மா தாயே" என்று கண்ணீர் மல்கக் கன்னத்தில் போட்டுக்கொள்வார். அந்தக் கையோடே மாட்டுக்கொட்டகை கழுவின தண்ணீரையும், ரப்பர் பாலை உறையவைத்துப் பிழிந்த திராவகத் தண்ணீரையும், கூலிக்காரர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்துச் சாக்கடையையும் அதே தாயின் மடியில் திறந்துவிடச் சொல்வார். தாய் அல்லவா? பொறுத்துக்கொள்வாள்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் ஆம்புரோஸ் ஒருநாள் வந்து நின்றார்.

"கங்காணியாரே, ரப்பர் பால் ஸ்டோருக்குக் கீழ ரெண்டு பெரிய குழி வெட்டுங்க. சாக்கடைத் தண்ணி அதுல தங்கித் தெளிஞ்சு போகட்டும். கீழ்த் தோட்டத்துல புள்ளைங்களுக்கெல்லாம் வயித்துக்கடுப்பு. அதுங்க குடிக்கிறது நாம விடுற தண்ணிலா."

"கீழ போறது கீழ்த் தோட்டத்துக் கவலை. மேல ஈயம் தோண்டுற லம்பத்துக்காரன் சேத்தை விடுறானே, அவன மொதல்ல கேளுங்க!"

கவனித்தீர்களா? இந்த வக்கீலுக்கு எதிரி எப்போதும் மேலேதான் இருப்பான். காம்பாரில் கேட்டால் கோப்பெங்கைக் காட்டுவார். கோப்பெங்கில் கேட்டால் மலையைக் காட்டுவார். மலையேறிப் போய்க் கேட்டால் மேகத்தைக் காட்டுவார்.

ஆனால் கங்காணியின் ஒரே மகள் நவமணி வாழ்க்கைப்பட்டிருந்தது அந்தக் கீழ்த் தோட்டத்தில். பேரனுக்குக் கடுப்புக் கண்டுவிட்டது என்று ஆள் வரவும், மனிதர் பதறியடித்துக்கொண்டு ஓடினார். பிள்ளை வாடிய கீரைத்தண்டாகத் துவண்டு கிடந்தது. மருமகன் பத்துமலை செம்பில் தண்ணீர் நீட்டினான். ஒரு வாய் குடித்தார்; உடனே துப்பினார்.

"சீ! என்ன நாத்தம்! எந்தப் பாவிடா ஆத்துல இதைக் கலக்குறது?"

"மாமா, மேல இருக்கிறது உங்க தோட்டந்தான்."

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? அன்றைக்கே குழி வெட்ட ஆள் அனுப்புவீர்கள். நம் கங்காணி அதைவிடக் கெட்டிக்காரர். மாட்டுவண்டியைப் பூட்டி, மகளையும் பேரனையும் தம் வீட்டுக்கே ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். சாக்கடை விழும் இடத்துக்கு மேலே மொண்ட தண்ணீரும் டிரெசரின் மருந்தும் சேர்ந்து, பிள்ளை மெல்லத் தேறித் தவழ ஆரம்பித்தது. உடனே பேரனைத் தோளில் தூக்கிக்கொண்டு கங்காணி லயம் லயமாகப் புறப்பட்டார்.

"பாத்தீங்களா? நம்ம ஆத்துத் தண்ணி குடிச்சுத்தான் புள்ள பொழைச்சான். இந்தத் தண்ணிக்குப் போய்க் குழி வெட்டணுமாம்லா!"

குழி வெட்டப்படவில்லை. கீழ்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் செல்லாயியின் பிள்ளைக்கும் அதே கடுப்புத்தான். அவளுக்கு மேலே தகப்பன் வீடு இல்லை. அதை நினைத்தால் மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை, வயிறு எரிகிறது.

கங்காணியை விடுங்கள். உங்களைக் கேட்கிறேன். காலையில் நீங்கள் கொப்பளித்துத் துப்பிய தண்ணீர் எங்கே போயிற்று? வாசல் சாக்கடைக்கா? சரி, அங்கிருந்து? அட, மேலே ஏன் கை காட்டுகிறீர்கள்? நான் கேட்டது கீழே.