கட்டி எனக்கு, பரிசோதனை அவருக்கு

உடம்பில் எங்கே வலித்தாலும் டாக்டரிடம் "வயிறு" என்று சொல்லிவிடுகிற பெண்களில் நானும் ஒருத்தி. வயிறு மரியாதையான இடம். எனக்கு வந்த கட்டியோ அப்படிச் சொல்லிச் சமாளிக்கிற இடத்தில் வரவில்லை. தொடை இடுக்கில், எலுமிச்சம்பழம் போல.

எண்பதுகளில் அண்ணனூரில் குடியிருந்தோம். வீட்டுக்காரருக்கு அம்பத்தூரில் லேத் வேலை. மாதக்கணக்கில் அவரிடம்கூட மூச்சு விடவில்லை. புற்றுநோயாக இருந்தால் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள் என்ற பயம் வந்த பிறகுதான் சொன்னேன். அன்றே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனார். லேடி டாக்டர் லீவாம், ஆம்பளை டாக்டர்தான் இருந்தார்.

"நீங்களே சொல்லுங்க. என் வாயால வராது" என்று கதவுக்கு வெளியே நின்றுகொண்டேன்.

அவர் வாயால் மட்டும் வருமா? பெண்டாட்டியின் தொடையைப் பற்றி இன்னொரு ஆம்பளையிடம் எப்படிப் பேசுவார்?

"தொடை இடுக்குல ஒரு கட்டி கீது சார்." யாருக்கு என்பதை விழுங்கிவிட்டார்.

"குடலிறக்கமா இருக்கும், ஆம்பளைங்களுக்கு சகஜம்தான். படுங்க."

"சார், அது வந்து..."

"கூச்சப்படாதீங்க. இருமுங்க, கட்டி வெளிய தள்ளுதான்னு பார்க்கணும்."

இருமினார். (பாவம், இவருக்குச் சளி போலிருக்கிறது என்று கதவுக்கு வெளியே நான் நினைத்தேன்.)

"இன்னும் பலமா."

கட்டடமே அதிர இருமினார்.

"கட்டியே இல்லையேய்யா?"

"கட்டி வெளிய நிக்குது சார்."

டாக்டர் சிரித்த சிரிப்பில் வரிசையில் இருந்த அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

மறுநாள் லேடி டாக்டர் வந்தார். படுக்க வைத்தார், இருமச் சொன்னார். கட்டி அசையவில்லை. விளக்கை அணைத்து டார்ச் அடித்தார். கட்டி செவசெவவென்று ஒளிர்ந்தது.

"குடலிறக்கம் மாதிரி தெரியலம்மா. உள்ள தண்ணி இருந்தாதான் இப்படி ஒளிரும். நீர்க்கட்டி. பொம்பளைங்களுக்கு வர்றது ரொம்ப அபூர்வம்" என்று பூரித்துப்போய், படிக்கிற டாக்டர்களை எல்லாம் கூப்பிட்டுவிட்டார். கட்டின புருஷனிடமே மறைத்த கட்டியை ஒரு வகுப்பே பார்த்தது. நான் முந்தானையால் முகத்தை மட்டும் மூடிக்கொண்டேன்.

ஆபரேஷன் செய்து எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தபோது, "புத்துநோய் இல்லியே டாக்டரம்மா?" என்றேன்.

"துளிகூட இல்ல. வெறும் தண்ணிப் பை."

வீட்டுக்காரர் அங்கேயே குந்திக்கொண்டு அழுதார்.

அன்றிலிருந்து எந்த டாக்டரிடம் போனாலும் அவர் வாசலிலேயே, "எனக்கில்ல சார், இவளுக்கு" என்று சொல்லிவிடுவார். போன மாதம் அவருடைய கண்புரைக்குப் போனபோதும் பழக்கத்தில் அதையே சொன்னார். நர்ஸ் என்னை உட்கார வைத்துக் கண்ணில் மருந்து விட்டாள். மறுத்துப் பேச எனக்குக் கூச்சம். மருந்தில் கண் மங்கிப்போய், வீடு வரைக்கும் அவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். மருமகள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.