மரியாதைக்கு ஓர் அவுட்

"கெஞ்சிக் கேக்கறேன் முராசே, நாளைக்கு என் பந்தை நிஜமாவே அடிக்கப் பாரு!"

மறுநாள் ஓய்வு பெறவிருந்த உசாமி இப்படிக் கேட்டதும், போனின் மறுமுனையில் எதிரணி மட்டையாளர் முராசே பதறிப்போனார். "என்னண்ணே இது? உங்க கடைசிப் பந்தை அடிச்சா ஜனங்க என்னை நீகாட்டா ஊருல நடமாட விடுவாங்களா?"

ஜப்பானிய பேஸ்பாலில் ஒரு வழக்கம்: ஓய்வு பெறும் பந்துவீச்சாளர் கடைசியாக எதிரணியில் ஒரே ஒருவருக்குப் பந்து வீசுவார். அந்த ஒருவர் மரியாதைக்காக மூன்று முறை காற்றில் மட்டையைச் சுழற்றி அவுட்டாவார். பிறகு பூங்கொத்து, கண்ணீர்.

உசாமிக்கு அது கசந்தது. பதினான்கு வருடம் ஆடியாயிற்று. அணி எட்டு ரன் பின்தங்கி, ரசிகர்கள் ரயிலைப் பிடிக்கக் கிளம்பிய பிறகுதான் அவரைப் பந்துவீசக் கூப்பிடுவார்கள். போகும்போதாவது ஒருவனை நேர்மையாக அவுட்டாக்க வேண்டும். அதையும் தர்மமாக வாங்க மனசு வரவில்லை.

அழுதுகொண்டே சம்மதித்த முராசே, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. மறுநாள் காலை அவருடைய அணியின் மேனேஜர் உசாமியைத் தேடி ஓடி வந்தார்.

"முராசே நிஜமா ஆடினா பந்து கடல்லதான் போய் விழும். எங்களுக்குத்தான் கெட்ட பேரு. சொன்ன பேச்சைக் கேக்கற ஆளா அனுப்பறேன், கவலைப்படாதீங்க!"

"ஐயோ, வேண்டாங்க..."

"நன்றியெல்லாம் எதுக்கு!" மேனேஜர் குனிந்து வணங்கினார். பழக்கதோஷம், உசாமியும் குனிந்தார். நிமிர்ந்தபோது ஆள் இல்லை.

மதியம் மட்டையோடு வந்து நின்றவன் தோகாஷி. பெஞ்சிலேயே காலத்தை ஓட்டிய முப்பத்தொரு வயதுக்காரன். முதல் பந்துக்குப் பல்லைக் கடித்துச் சுழற்றினான். இரண்டாவதுக்கு ஹெல்மெட் தெறித்தது. மூன்றாவதுக்குக் குப்புற விழுந்தான். தர்மம் போடுவதில் என்ன ஒரு தாராளம் என்று உசாமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மைதானமே எழுந்து நின்று அழுதது. உசாமியும் அழுதார், அவமானத்தில்.

பூங்கொத்தோடு உள்ளே போனபோது, நடைபாதையில் தோகாஷி தனியாக உட்கார்ந்திருந்தான்.

"ரொம்ப நன்றிப்பா. ஆனா கீழே விழுந்ததெல்லாம் கொஞ்சம் ஓவர் நடிப்பு."

தோகாஷி எழுந்து இடுப்பு வளையக் குனிந்தான்.

"மன்னிச்சிடுங்கண்ணே. மரியாதையா அவுட்டாகிட்டு வான்னுதான் சொன்னாங்க. ஆனா இன்னைக்கு ஒரு ஹிட்டாவது அடிக்கலேன்னா நாளைலேர்ந்து எனக்கும் வேலை இல்லை... மூணு பந்தையும் நிஜமாத்தான் அடிக்கப் பாத்தேன்."